மாத்திரை மணி, சோற்று மணி

காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டத்தில், மதிய மணி அடித்தும் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால் டீச்சருக்கு முதலில் தோன்றுவது காய்ச்சலாக இருக்குமோ என்பதுதான். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், சுடாது. பிள்ளை சோர்ந்தும் கிடக்காது, ஒழுங்காக உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும். கேட்டால் பசிக்கவில்லை என்று சொல்லும், அது உண்மையும்கூட. காலையில் வீட்டில் விழுங்கிய மாத்திரை பசியை அமுக்கி வைத்திருக்கிறது. இரவு ஏழு, எட்டு மணி வாக்கில்தான் அந்தப் பசி தலைதூக்கும். ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறுக்குத் தரப்படும் ஊக்க மருந்துகளின் பக்கவிளைவுகளில் ஆகப் பரவலானது இந்தப் பசியின்மைதான். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 1956-ல் பள்ளிக்கூடத்தில் சோறு போடத் தொடங்கிய மாநிலம் இது. பாடம் ஏறுவதற்காகக் கொடுக்கிற மருந்தே அந்தச் சோற்றை வேண்டாம் என்று தள்ள வைக்கும்போது என்ன செய்வது?

இந்த மருந்துகளின் கதை தற்செயலில் தொடங்குகிறது. 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், பரிசோதனைக்குப் பின் பிள்ளைகளுக்கு வந்த தலைவலியைத் தணிக்க பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரையைக் கொடுத்தார். தலைவலி போகவில்லை, அதுவரை அடங்காமல் இருந்த பிள்ளைகளில் பலர் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிட்சோன் மெத்தில்பெனிடேட்டைத் தயாரித்தார். 1954-ல் அது ரிட்டாலின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ரீட்டா என்று அழைக்கப்பட்ட அவருடைய மனைவியின் பெயரைத்தான் மருந்து சுமக்கிறது. அமெரிக்கர்கள் அதிகம் பேசும் அட்டரால் இந்தியச் சந்தையில் கிடையாது. இங்கே ஊக்க மருந்து என்றால் நடைமுறையில் மெத்தில்பெனிடேட்தான், இன்ஸ்பிரல், அட்வைஸ் போன்ற பெயர்களில். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களும் சுரந்தவுடன் திரும்ப உறிஞ்சப்படாமல் இது தடுக்கிறது. கவனத்தை நிலைக்க வைப்பது அந்த வேலைதான். பசியைக் குறைப்பதும், தூக்கத்தைத் தள்ளிப்போடுவதும், நாடித்துடிப்பை நிமிடத்துக்குச் சில துடிப்புகள் கூட்டுவதும் அதே வேலையின் மறுபக்கம். நல்ல விளைவைத் தனியாகப் பிரித்து வாங்கிக்கொள்ள இதில் வழியில்லை.

வழி இருப்பது நேரத்தில். சாதாரண மெத்தில்பெனிடேட் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நான்கு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். மெல்லக் கரையும் வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். ஆக, பசி எப்போது போகும், எப்போது திரும்பும், பிள்ளை எப்போது எரிந்து விழும், எப்போது தூக்கம் வராமல் புரளும் என்பதையெல்லாம் ஓரளவு கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் வாதம் இதுதான்: இந்த மருந்தின் பக்கவிளைவுகளில் பெரும்பகுதி, அது எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்ட பிறகு, யார் கையால் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே தாங்கக்கூடியதாகவோ தாங்க முடியாததாகவோ ஆகிறது. மருந்தை எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் மதுரையில் இருக்கிறார். அதன் பலாபலனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிவகாசி வட்டாரத்துத் திருத்தங்கலிலும் தாயில்பட்டியிலும் இருக்கிறார்கள். சீட்டில் எழுதிய 'காலை ஒன்று' என்பது அந்த ஊர்களின் காலையோடு பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பொருந்துவதில்லை. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கு, இங்கே எல்லோரும் சொல்கிறபடி சொன்னால் தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும், வேலைக்குப் போகும் தாய் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வண்டிக்காகத் தெருமுனையில் நின்றாக வேண்டும். வண்டி போய்விட்டால் அன்றைக்குக் கூலி போச்சு. எனவே மாத்திரை ஆறு மணிக்கே வாயில் போடப்படும், வெறும் வயிற்றில், அல்லது ஒரு டம்ளர் காப்பியோடு. சாதாரண மாத்திரை என்றால் எட்டு மணிக்குப் பள்ளியில் காலை உணவு பரிமாறும்போது அது உச்சத்தில் இருக்கும். முதல் பாடவேளை முடிவதற்குள் தீர்ந்துவிடும். சாப்பாடும் போயிற்று, பாடமும் போயிற்று. இதைப் பார்த்துவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று அளவைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டியதும் பக்கவிளைவும் கூடும். உண்மையில் தேவைப்பட்டது இரண்டு மணி நேரத் தாமதம் மட்டுமே. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு இரட்டை வரம்: உப்புமாவோ பொங்கலோ வயிற்றுக்குள் போன பிறகு மாத்திரையைப் போட்டால், நாளின் ஒரு வேளைச் சோறாவது பத்திரம். ஆனால் அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குப் பாடம் கூடுகிறது, மருந்தின் அளவும் பெரும்பாலும் கூடுகிறது, காலைச் சாப்பாடு மட்டும் கழிந்துவிடுகிறது.

மதியத்தின் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. மேல்நாட்டு வழிகாட்டுதல்கள் மெல்லக் கரையும் மாத்திரையையே விரும்புகின்றன. ஒரு நாளைக்கு ஒன்று போதும், பள்ளியில் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, மற்ற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது காரணம். சாண்ட்விச் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து மாலையில் வீட்டில் குளிர்ப்பெட்டியைத் திறந்து தின்கிற பிள்ளைக்கு அது சரி. நாளின் உறுதியான சாப்பாடே சத்துணவுக் கூடத்தில் முட்டையோடு கிடைக்கும் அந்த மதியத் தட்டுதான் என்றிருக்கும் பிள்ளைக்கு, அந்த வேளையை மூடிவிடும் மாத்திரை நல்ல தேர்வு என்று சொல்ல முடியாது. குறைந்த நேரம் நிற்கும் மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று எனக் கொடுத்தால் மதிய வேளை தப்பிக்கும். ஆனால் அந்த இரண்டாவது மாத்திரையை யார் கொடுப்பது? நம் பள்ளிகளில் நர்ஸ் கிடையாது. போதைப்பொருள் சட்டத்தில் பெயர் இருக்கும் மாத்திரையை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ள எந்தத் தலைமை ஆசிரியரும் துணியமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இப்படியாக மருந்தியல் காரணம் எதுவும் இல்லாமலே, வேறு வழியில்லை என்பதற்காகப் பிள்ளைக்குப் பொருந்தாத வகை எழுதப்படுகிறது. இதையும் பக்கவிளைவு என்றே கணக்கில் எழுதுகிறோம்.

சாயங்காலம் வேறு ஒரு நாடகம். நான்கு, ஐந்து மணிக்கு மருந்து இறங்கும்போது பிள்ளை முன்னைவிடப் படபடப்பாகவும் அழுகையாகவும் மாறும். மருத்துவர்கள் இதை எதிர்வீச்சு என்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் இந்த ஊரில் டியூஷன் தொடங்குகிறது. ஆலையிலிருந்து கைகால் கழுவிக்கொண்டு வரும் தாய் முதலில் கேட்பது டியூஷன் அக்காவின் புகாரை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது 'சாயங்காலத்துக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்' என்ற கோரிக்கை வரும். அந்த மாலை மாத்திரைதான் இரவுத் தூக்கத்தைத் தின்பது. தூங்காத பிள்ளைக்கு மறுநாள் கவனம் இருக்காது. கவனம் இல்லையென்றால் அளவு கூடும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் பலருக்கு மருந்தில்லாமலே தூக்கம் தாமதம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மருந்து தொடங்குமுன் எத்தனை மணிக்குத் தூங்கியது என்று குறித்து வைக்காத வீட்டில், எது நோயின் குணம், எது மருந்தின் குணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எட்டு மணிக்கு டியூஷனை விட்டு, ஒன்பது மணிக்குப் பசியோடு தின்னவிட்டால் பாதிப் பிரச்சினை ஓய்ந்துவிடும். இந்த ஊரில் அந்த நேரத்தில் தின்பதற்குப் பஞ்சமில்லை: எண்ணெயில் பொரித்த விருதுநகர் பரோட்டா, சாத்தூர்ச் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தடுக்கப்படும் இந்தப் பண்டங்களை, எடை குறையும் இந்தப் பிள்ளைக்கு இரவில் தாராளமாகக் கொடுக்கலாம். எண்ணெயும் பாலும் சர்க்கரையும் அதற்கு அப்போது தேவை.

யாரும் புகார் சொல்லாத பக்கவிளைவு ஒன்று இருக்கிறது, அதைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்று நினைக்கிறேன். அளவு மிஞ்சினால் பிள்ளை சுருங்கிவிடும். சிரிப்பு குறையும், விளையாட்டு குறையும், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும், பேயறைந்தது போல ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். அளவைக் குறைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் குறைக்கச் சொல்லி யார் கேட்பது? பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தில் முதலிடம் பிடிப்பதைப் பல ஆண்டுகளாக வழக்கமாகவே வைத்திருந்த மாவட்டம் இது; 2023-லும் 97.85 சதவீதத்தோடு முதலில் நின்றது. அடங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் இங்கே வகுப்பறை மகிழ்கிறது, டியூஷன் மகிழ்கிறது, வீடும் மகிழ்கிறது. மாத்திரை மார்க் வாங்கித் தரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் பலமாக இல்லை. ஃபுளோரிடாவில் வில்லியம் பெல்ஹாம் குழுவினர் 173 பிள்ளைகளை வைத்து நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து சாப்பிட்ட நாட்களில் பிள்ளைகள் கூடுதல் கணக்குகளைப் போட்டார்கள், குறும்பும் வெகுவாகக் குறைந்தது; ஆனால் சொல்லிக் கொடுத்த புதுப் பாடத்தை மருந்தில்லாத நாட்களைவிட அதிகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. உட்கார வைப்பது மாத்திரையால் ஆகும். கற்றுக் கொடுப்பது ஆசிரியரால் மட்டுமே ஆகும். ஆகையால் மருந்து கேட்கிறதா என்பதைத் தேர்வுத்தாளில் தேடக் கூடாது. தெருவில் பந்து விளையாடுகிறதா, தம்பியோடு சண்டை போடுகிறதா, வீட்டில் பாட்டுப் பாடுகிறதா என்பதில் தேட வேண்டும்.

உயரம், எடை பற்றிய அச்சம் நியாயமானது, அதை மழுப்பக் கூடாது. அமெரிக்காவில் 579 பிள்ளைகளோடு நடந்து 1999-ல் முடிவு வெளியான எம்.டி.ஏ. ஆய்வின் தொடர்ச்சியில், புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து எடுத்த பிள்ளைகள் மூன்று ஆண்டுகளில், மருந்து எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் பெரிதல்ல என்று மருத்துவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அமெரிக்கப் பிள்ளைக்குப் பெரிதல்ல. தமிழ்நாட்டிலோ 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். ஊட்டச்சத்துள்ள உடம்பிலிருந்து போகும் 2.7 கிலோவும், ஏற்கெனவே விலா எலும்பு தெரியும் உடம்பிலிருந்து போகும் 2.7 கிலோவும் தராசில் ஒன்றாகத் தெரியலாம், பிள்ளைக்கு ஒன்றல்ல. இதிலிருந்து 'ஏழைப் பிள்ளைக்கு இந்த மருந்தே ஆகாது' என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஏழைப் பிள்ளையைத்தான் அடிக்கடி எடை போட வேண்டும் என்கிறேன். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்து எடுக்கும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை பார்க்கவும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளக்கவும், அளவை மாற்றும்போதெல்லாம் ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்கவும் சொல்கிறது. இதற்கு வேண்டியது ஒரு தராசு, ஒரு அளவுகோல், கையில் சுற்றும் பட்டை. எம்.ஆர்.ஐ. எந்திரம் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே பெரியவர்களின் குரல் குறுக்கிடும்: 'பிள்ளைன்னா துறுதுறுன்னுதான் இருக்கும், அதுக்கு எதுக்கு மாத்திரை?' இந்தக் கேள்வியைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. கோவை மாவட்டத்தின் தொடக்கப் பள்ளிகளில் 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு, 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னது. உலக சராசரியாக ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 5 சதவீதம். கோவைப் பிள்ளைகள் உலகத்தைவிட இருமடங்கு கவனமற்றவர்கள் என்று நம்புவதைவிட, நெரிசலான வகுப்பில் ஆசிரியர் நிரப்பும் கேள்வித்தாள் சற்றுத் தாராளமாகவே டிக் அடிக்கும் என்று நம்புவது எனக்கு எளிது. அதனால்தான் நோயைத் தீர்மானிக்கும் விதிகள் கறாராக இருக்கின்றன: ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும், பள்ளி, வீடு என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொந்தரவு இருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் அடங்காத பிள்ளைக்கு மாத்திரை தேவையில்லை; பள்ளிக்குத்தான் ஏதோ தேவை. ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை. இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும் தேறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டதை மறந்து, சாலையில் பாய்ந்து, அடிவாங்கி, ஆறாம் வகுப்போடு நின்றுவிடுகிற பிள்ளைகள். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை மறுநாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரையில், ஏன் அதற்குப் பிறகும் சில காலம், அது ஊரறிந்த வழக்கம். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் உட்கார முடியாததால் போனவர்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மருந்தின் பலன்மீதே சந்தேகம் எழுப்புகிறவர்களும் உண்டு, அவர்களிடமும் சரக்கு இருக்கிறது. 185 பரிசோதனைகளை அலசிய 2015-ம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, மெத்தில்பெனிடேட் அறிகுறிகளைக் குறைப்பதாகத் தோன்றினாலும் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்றது. தூக்கக் கோளாறும் பசியின்மையும் கூடுவதை எண்களோடு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2019, 2021 இரண்டு முறையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்க மறுத்தது. மறுபக்கம், 2018-ல் லான்செட் சைக்கியாட்ரியில் வெளியான, 133 பரிசோதனைகளை ஒப்பிட்ட ஆய்வு, பிள்ளைகளுக்குப் பலனையும் பக்கவிளைவையும் சேர்த்துப் பார்த்தால் முதல் மருந்தாக மெத்தில்பெனிடேட்டையே சொன்னது. இந்தச் சண்டையில் இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று: குறுகிய காலத்தில் அறிகுறி குறைகிறது, நீண்ட காலம் பற்றிய சான்று மெலிந்தது. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகத்தான் விடை தேட வேண்டும். தொடங்கிப் பார்த்து, அளந்து, வருடத்துக்கு ஒரு முறையாவது இன்னும் வேண்டுமா என்று கேட்டு. வல்லாரை லேகியம் போதும் என்பவர்களும் இதே அளவையைத் தங்கள் லேகியத்துக்கும் வைத்துப் பார்க்கலாம்.

'பழகிவிடும், போதையாகிவிடும்' என்பது அடுத்த அச்சம். மருத்துவ அளவில் வாய்வழியாக எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் ஜாமா சைக்கியாட்ரி வெளியிட்ட கட்டுரை, இந்த மருந்து பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை என்றது. சட்டம் மட்டும் அச்சத்தின் பக்கம் நிற்கிறது. மெத்தில்பெனிடேட் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் வருகிறது. கடைக்காரருக்குத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், டாக்டர் இரண்டு பிரதி எழுத வேண்டும், ஒரு பிரதியைக் கடை இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். மாணவர்கள் தேர்வுக்கு இதைத் திருட்டுத்தனமாக விழுங்கும் ஆபத்து நிஜம் என்பதால் கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் அதன் விளைவாக உரிமம் உள்ள கடை அரிது. சிவகாசியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும். ஒரு மாதம் மருந்து, அடுத்த மாதம் இல்லை, அதற்கடுத்த மாதம் பழைய அளவில் திடீரென்று மீண்டும் என்றாகிவிடுகிறது. நின்று நின்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் தலைவலி, வயிற்றுவலி, வாய் வறட்சி எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். மாற்று மருந்தான அட்டமாக்சிடின் இந்த அட்டவணையில் இல்லை, சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பலன் தெரிய நான்கைந்து வாரம் ஆகும், அதுவும் பசியைக் குறைக்கும், தூங்கி விழ வைக்கும், பிள்ளையின் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கையும் அதன்மீது உண்டு. எளிதில் கிடைப்பதால் மட்டுமே அதை எழுதுவது மருத்துவம் ஆகாது.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாக: பன்னிரண்டு லட்சம் பிள்ளைகளையும் இளைஞர்களையும் ஆராய்ந்து 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வு, திடீர் மரணம், மாரடைப்பு போன்றவை கூடியதாகக் காணவில்லை. குடும்பத்தில் இளவயது மாரடைப்போ, பிள்ளைக்கு மயக்கமோ, பிறவி இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே இ.சி.ஜி. அவசியம். பல ஆண்டு தொடர்ந்தால் ரத்த அழுத்தம் சற்றுக் கூடும் என்று பின்னால் வந்த ஸ்வீடன் ஆய்வுகள் சொல்வதால் பட்டையைச் சுற்றிப் பார்ப்பதை விடக் கூடாது. இந்தக் கரிசல் வெயிலில் வாய் வறண்டு தண்ணீரும் குடிக்க மறக்கும் பிள்ளைக்குத் தலைவலி வந்தால், மருந்தைக் குறை சொல்லுமுன் இரண்டு செம்பு தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம்.

பெரியவர்களின் ஏ.டி.எச்.டி. பற்றி இங்கே பேச்சே இல்லை. வெடிமருந்துள்ள ஊரில் அது பேச வேண்டிய விஷயம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. இருபத்து மூன்று லட்சம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்த 2017-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்துகள் ஆண்களிடம் 38 சதவீதமும் பெண்களிடம் 42 சதவீதமும் குறைந்ததைக் காட்டியது. கவனம் உயிரைக் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு ஆலை விபத்துகளுக்கெல்லாம் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிவிட இடம் கொடுக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் சுமார் 40 பேர் மாண்டதற்கும், 2021-ல் அச்சங்குளம் ஆலையில் நடந்த வெடிவிபத்துக்கும் பின்னால் விசாரணைகள் கண்டவை உள்குத்தகை, அறைக்கு மிஞ்சிய ஆள், அளவுக்கு மிஞ்சிய வெடிமருந்து ஆகியவை. எந்த மாத்திரையும் அவற்றைச் சரிசெய்யாது. அதே தொழில் தந்த ஒரு அனுபவ அறிவு மட்டும் நமக்கு உதவும்: வெடிமருந்து கலப்பதை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும் என்று தெரிந்த பெற்றோருக்கு, மாத்திரைக்கும் ஒரு நேரம் உண்டு என்பதை விளக்குவது கடினமே இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆள் இருக்கிறார்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் நடமாடும் குழுக்கள் வருடத்துக்கு ஒரு முறை அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய முப்பது குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. 2018-ல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்களாகத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்று விருதுநகர் (தேர்ச்சியில் முதலிடம், பின்தங்கிய பட்டியலிலும் இடம் என்பது இந்த மாவட்டத்துக்கே உரிய விசித்திரம்). 2022 ஜனவரியிலிருந்து இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தக்காரர்களின் வீட்டுக்கே போய்ப் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறார்கள் பெண் பணியாளர்கள். தாத்தாவின் கையில் சுற்றிய பட்டையை அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பேரனின் கையிலும் சுற்ற மூன்று நிமிடம் ஆகுமா? மருந்தை எழுதுவது சிறப்பு மருத்துவரின் வேலையாகவே இருக்கட்டும். எக்ஸ் அட்டவணையை யாரும் தொட வேண்டாம். எடை, உயரம், நாடி, அழுத்தம், தூங்கும் நேரம், மதியத் தட்டில் மிச்சம் எவ்வளவு என்ற ஆறு விவரங்கள் ஒரு அட்டையில் ஏறினால் போதும். ஏற்கெனவே சுமை தாங்காத பணியாளர்கள்மீது இன்னொரு பதிவேடா என்று கேட்பார்கள். மருந்து எடுக்கும் பிள்ளைகள் ஒரு ஊராட்சிக்கு ஒருவரோ இருவரோதான் தேறுவார்கள். பதிவேடு பெருத்துவிடாது.

கடைசியாக, மருந்து விடுமுறை. எடை குறையும் பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையில் மருந்தை நிறுத்தி வைக்கச் சில மருத்துவர்கள் சொல்வார்கள். எடை ஓரளவு திரும்பும், உயரத்துக்கு எவ்வளவு உதவும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மே மாதத்தில் அதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை: சித்தி வீட்டில் மாம்பழமும் சோறும் தின்று தூங்கி எழட்டும். தீபாவளியை ஒட்டிய விடுமுறைக்கு அதே யோசனையை இந்த வட்டாரத்தில் சொல்லக் கூடாது. டென்மார்க்கில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்கள் மருந்து சிகிச்சையால் பன்னிரண்டு வயதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தன. டென்மார்க்கில் வீட்டு மூலையில் சரவெடித் திரியோ, கழிவு வெடியோ கிடக்காது. சிவகாசியைச் சுற்றிய கிராமங்களில், சட்டத்துக்கு எதிராக வீட்டுக்குள் வைத்து வெடி சுற்றும் வேலை ஐப்பசியில்தான் உச்சத்தில் இருக்கும். மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்று மருத்துவர் கேட்டு முடிவு செய்ய வேண்டிய கேள்விகளில், அந்த வீட்டில் தீபாவளிக்கு முந்தைய மாதம் என்ன வேலை நடக்கிறது என்பதும் ஒன்று. பிள்ளையின் எடையைக் கேட்ட பிறகு அதையும் கேட்கலாம்.